‘தா’ எனக் கேட்கும் தகைமை

திருமண அழைப்பிதழின் அடியிலே, மண்டபத்தின் பெயருக்கும் முகூர்த்த நேரத்துக்கும் கீழே, சிறிய எழுத்தில் ஒரு வரி சில வேளைகளில் அச்சாகி வருவதைக் காண்கின்றோம். அன்பளிப்புகளைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளும் வரி அது. நல்ல மனத்துடன் எழுதப்படுகின்ற வரிதான். ஆயினும் அதனைப் படித்துவிட்டு வெறுங்கையுடன் மண்டபத்துக்குப் போனவர் ஒருவரையேனும் நான் கண்டதில்லை. எழுதியவருக்கும் அது தெரியும். வாசிப்பவருக்கும் அது தெரியும். “அவை அப்பிடித்தான் போடுவினம், அதுக்காக நாங்கள் வெறுங்கையோட போறதே?” என்று வீட்டிலே ஒரு குரல் எழும். அவ்வளவில் அவ்வரியின் ஆட்சி முடிந்துவிடும்.

வைபவம் நிறைவேறி மூன்றாம் நாள் வீட்டுக்காரர் பொதிகளை அவிழ்க்கின்றனர். சுவர்க் கடிகாரம் நான்கு. கண்ணாடிக் குவளைகள் ஆறு பெட்டி. ஒரே அச்சில் வார்த்த குத்துவிளக்கு மூன்று. புதிதாய்க் குடிபோகின்ற இளந்தம்பதிகளிடமோ தண்ணீர் அள்ள ஒரு வாளி இல்லை. இருந்து எழுத ஒரு மேசை இல்லை. கொடுத்தவருள் ஒருவர் கடன்பட்டுக் கொடுத்திருப்பார். பெற்றவர் அதனை அலுமாரியின் மேல்தட்டிலே வைத்திருந்து, அடுத்த ஆவணியில் இன்னொரு கலியாண வீட்டுக்குக் கொண்டுபோவார். சுற்றிய காகிதம் மட்டும் புதிதாயிருக்கும்.

இத்துணைப் பொருளும் இத்துணை அன்பும் இவ்வாறு வீணாவானேன்? ஒரு பக்கத்தார் கேட்பதற்குக் கூசுகின்றனர். மறுபக்கத்தார் சொல்வதற்குக் கூசுகின்றனர். “உங்களுக்கு என்ன தேவை?” என்று விருந்தினர் கேட்டால் அது நெருக்கத்தின் எல்லையைத் தாண்டியதாகி விடுமோ என்று ஓர் அச்சம். “எமக்கு இன்னது தேவை” என்று வீட்டார் சொன்னால் அது யாசகமாகி விடுமோ என்று இன்னோர் அச்சம். நண்பரிடமும் விருந்தினரிடமும் நம் தேவையைச் சொல்லுதல் மானத்துக்குக் குறைவா? அன்று என்பது என் துணிபு. அதனை எவ்வாறு சொல்லுதல் தகும் என்பதற்கு நம்முடைய இலக்கணமே வழி காட்டியிருக்கின்றது.

மூன்று சொற்கள்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலிலே, இரத்தற் பொருளில் வரும் மூன்று சொற்களை எடுத்து வேறுபடுத்துகின்றார். ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்பன அவை. மூன்றினாலும் ஒருவன் இன்னொருவனிடம் ஒரு பொருளைக் கேட்கின்றான். ஆனால் கேட்பவன் எங்கே நிற்கின்றான் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகின்றது. கொடுப்பவனிலும் தாழ்ந்து நிற்பவன் ‘ஈ’ என்பான்; அவனோடு ஒத்து நிற்பவன் ‘தா’ என்பான்; அவனிலும் உயர்ந்து நிற்பவன் ‘கொடு’ என்பான்.

கிளவியாக்கத்திலே இன்னொரு நுட்பமும் உண்டு. தருதல் என்னும் சொல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது. கொடுத்தல் என்னும் சொல் படர்க்கைக்கு உரியது. எனக்கும் உனக்கும் தரலாம், அவனுக்குத்தான் கொடுக்கலாம். அப்படியாயின் உயர்ந்தோன் தனக்காகக் கேட்கும்பொழுது ‘கொடு’ என்பது எவ்வாறு பொருந்தும்? அவன் தன்னையே பிறன் ஒருவனைப் போல வைத்துப் பேசுகின்றான் என்று தொல்காப்பியர் அமைதி கூறுகின்றார். அதிகாரத்தோடு கேட்பவன் எதிரே நிற்பவனுக்குத் தன்னை அந்நியனாக்கிக் கொள்கின்றான். ‘தா’ என்பவனோ முகத்துக்கு முகம் நிற்கின்றான். நீயும் நானும் என்ற உறவு அந்தச் சொல்லிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

இந்த நூற்பாக்களோடு யாழ்ப்பாணத்துக்கு ஒரு தனி உரிமை உண்டு. சொல்லதிகாரத்துச் சேனாவரையர் உரையை 1868ஆம் ஆண்டிலே அச்சிட்டு வெளிப்படுத்தியவர் சிறுப்பிட்டியில் தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை. அவ்வுரைக்கு விளக்கக் குறிப்பு எழுதி 1938இல் சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தின் வழியாகத் தந்தவர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர். ஏட்டை விட்டாலும் நம் வீட்டு முற்றத்துப் பேச்சிலே அந்த இலக்கணம் இன்றும் உயிரோடிருக்கின்றது. எழுத்தறியாத சிறு பிள்ளையும் “எனக்குத் தா” என்றும் “தம்பிக்குக் குடு” என்றும் பிறழாது சொல்கின்றது. கடைக்காரரிடம் “ஒரு றாத்தல் பாண் தாங்கோ” என்கின்றோம். அதிலே பணிவும் உண்டு, சமத்துவமும் உண்டு.

ஆகவே, நம் தேவைகளை ஒரு தாளிலே எழுதி நண்பருக்குக் காட்டினால், அந்தத் தாள் மூன்றில் எந்தச் சொல்லைப் பேசுகின்றது என்பதே கேள்வி. ‘ஈ’ என்று பேசினால் எழுதியவர் குறுகிப்போவார். ‘கொடு’ என்று பேசினால் படிப்பவர் காயப்படுவார். ‘தா’ என்று பேசினால் இருவரும் நிமிர்ந்து நிற்பர்.

பட்டியல் என்றால் ஏன் அஞ்சுகின்றோம்?

‘கொடு’ என்று பேசும் பட்டியலை யாழ்ப்பாணம் நன்கு அறியும். ஒல்லாந்தர் ஆட்சியிலே 1707இல் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயர் ஆட்சியிலே 1806இல் சட்ட வலிமை உறுதி செய்யப்பட்ட தேசவழமை, சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பகுத்துரைக்கின்றது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அந்த வழமையிலே பல மாற்றங்களைச் செய்தது. ஆயினும் கலியாணப் பேச்சு என்றதும் வீடு, வளவு, நகை, ரொக்கம் என்று நிரல் எழுதும் வழக்கம் சட்டத்தோடு மாறவில்லை. எத்தனையோ தந்தையரின் உறக்கத்தைக் கெடுத்த பட்டியல் அது. ஆதலால், கலியாணத்தையும் பட்டியலையும் ஒரே வாக்கியத்திலே வைத்துச் சொன்னால் நம்மவர் முகம் சுருங்குகின்றது. அந்தச் சுருக்கம் நியாயமானதே.

இரண்டாவது அச்சம் கணக்கைப் பற்றியது. தமிழகத்திலே புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களிலே மொய் விருந்து நடக்கின்றது. வந்தவர் உண்டு, பணம் வைக்க, அது பெயரோடு குறிப்பேட்டிலே பதியப்படும். பின்னொரு நாள் அவர் விருந்து வைக்கும்போது, பெற்றவர் அதைக் குறையாமல் திருப்பிச் செய்தல் வேண்டும். அது வெளிப்படையான ஒரு கைமாற்று முறை; தொழில் தொடங்கவும் கடன் தீர்க்கவும் பலருக்கு உதவியிருக்கின்றது. நம்மிடத்திலே குறிப்பேடு வெளியே இல்லை, மனத்திலே இருக்கின்றது. “அவை எங்கட பிள்ளையின்ர சாமத்திய வீட்டுக்கு எவ்வளவு வைச்சவை?” என்ற கேள்வி கதவைச் சாத்திவிட்டுக் கேட்கப்படுகின்றது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினரின் கவர் கனக்கின்றது. உள்ளூரிலே தோட்டம் செய்பவரின் கவர் இலேசாயிருக்கின்றது. அந்த இலேசான கவரைக் கையிலே வைத்துக்கொண்டு வரிசையிலே நிற்பவரின் மனமோ கனத்துப்போகின்றது. சிலர் அந்த வரிசைக்கு அஞ்சி வராமலே இருந்து விடுகின்றனர். “சுகமில்லை” என்று சொல்லி அனுப்புகின்றனர். ஓர் உறவு இவ்வாறு அறுந்துபோவதை யாரும் கவனிப்பதில்லை.

முன்னர் இவ்வாறு இருந்ததா? மண்டபமும் சமையற் சேவையும் வருவதற்கு முன், கலியாண வீட்டிலே வேலை இருந்தது. பந்தலுக்குக் கிடுகு கட்ட ஆள் வேண்டும். பலகாரம் சுட அயலட்டைப் பெண்கள் வேண்டும். வாழைக்குலை வெட்ட, தேங்காய் துருவ, பெரிய கிடாரம் இரவல் வாங்கிவர ஆட்கள் வேண்டும். பணம் இல்லாதவரும் கை நிறையக் கொண்டு வந்தனர். கையையே கொண்டு வந்தனர். இன்று அந்த வேலைகள் யாவும் கூலிக்குப் போய்விட்டன. விருந்தினருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது கவர் ஒன்றுதான் மிஞ்சும்.

செத்த வீட்டிலே மட்டும் பழைய முறை இன்னும் முற்றாக அழியவில்லை. அங்கே யாரும் “ஒன்றும் வேண்டாம்” என்று அச்சிடுவதில்லை. அயலிலே விவரம் தெரிந்த ஒருவர் முன்னே வந்து நிற்பார். கதிரை எடுக்க வேண்டும், தேத்தண்ணீர் வைக்க வேண்டும், பறை சொல்ல வேண்டும், தூரத்து உறவுக்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொள்வர். அடுப்பு மூட்டாத அந்த வீட்டுக்கு அயல் வீட்டிலிருந்து சோறு வரும். இதுவும் ஒரு தேவைப் பட்டியல்தான். எழுதப்படாதது, வீட்டுக்காரர் வாயிலிருந்து வராதது, எல்லாருக்கும் ஏற்ற பங்கு உள்ளது. துக்கத்திலே நமக்குக் கைவந்த இந்த நயம் மகிழ்ச்சியிலே கைவராமல் போனது விந்தையே.

பொதுப் பணியிலே கேட்டவர்கள்

தமக்கெனக் கேட்பதற்குக் கூசிய நம் முன்னோர் ஊருக்கெனக் கேட்பதற்குக் கூசியதில்லை. அவர்கள் கேட்ட முறையிலே நமக்குப் பாடங்கள் உள்ளன.

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதனை நடத்துவதற்கு வீடுகள் தோறும் பிடியரிசி சேர்க்கப்பட்ட வரலாறு நம் ஊரிலே வழிவழியாகச் சொல்லப்படுவது. உலையிலே போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறாக வைத்தல் வேண்டும்; அவ்வளவே. பிடியரிசி இல்லாத வீடு அரிது. கொடுக்க முடியாதவர் என்று எவரையும் விலக்காத ஒரு கேள்வி அது. செல்வர் தந்த பணமும் ஏழை தந்த பிடியும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போயின. நம் பட்டியலிலே பிடியரிசிக்கு இடம் இருக்கின்றதா என்பதே முதலிற் பார்க்கவேண்டியது.

தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கப் புகுந்தபோது அவருக்குத் தேவைப்பட்டவை ஏட்டுச் சுவடிகள். 1887இல் வெளிவந்த கலித்தொகை வரையிலும் அவருடைய பதிப்புரைகளை வாசிப்பவர், ஏடுகள் செல்லரித்து அழிவதைக் குறித்து அவர் பட்ட துயரத்தை அறிவர். அவர் கேட்டது இன்ன நூலின் பிரதி என்று குறித்த கேள்வி. ஏடு தந்து உதவியவர்களைப் பதிப்புரையிலே பெயர் சுட்டி நன்றியோடு நினைத்தமை அவர் பண்பு. பரணிலே கறையான் தின்னும் ஓலை இன்னொருவருக்குப் பெருஞ்செல்வம் என்பது, அவர் கேட்டிராவிட்டால் அதன் உடையவருக்குத் தெரிந்திராது. தெளிவாகக் கேட்டல் கொடுப்பவருக்கும் தம் கையில் உள்ளதன் அருமையைக் காட்டுகின்றது.

மூன்றாமவர் கே. எம். செல்லப்பா. 1933இல் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய அவர், யாழ்ப்பாணத்துக்கு ஓர் இலவச நூல்நிலையம் வேண்டும் என்று அவ்வாண்டிலேயே பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். அடுத்த ஆண்டு ஒரு குழு அமைந்தது. 1934 ஆகஸ்ட் 1ஆம் நாள் ஆஸ்பத்திரி வீதியிலே வாடகை அறை ஒன்றில் 844 நூல்களோடு அந்த நூல்நிலையம் திறக்கப்பட்டது. 1959இல் இன்று நாம் காணும் இடத்திலே மாளிகையாக எழுந்த யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தின் தொடக்கம் அதுவே. அறிஞர் பலர் தம் வாழ்நாளிலே சேர்த்த நூல்களும் அங்கே அன்பளிப்பாய் வந்து சேர்ந்தன.

1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வெறியாட்டத்திலே அந்நூல்நிலையம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. எரிந்தவற்றுள் மிகப் பல, யாரோ ஒருவர் யாழ்ப்பாணத்து மாணவருக்கென மனமுவந்து தந்தவை. பின்னர் பல திசைகளிலிருந்தும் நூல்கள் வந்தன. 1990களின் பிற்பகுதியில், நூலும் செங்கல்லும் தாருங்கள் என்று நாடளாவிய ஓர் இயக்கமே நடந்தது. அத்தகைய பொது வேண்டுகோளுக்கு ஒரு வலிமை உண்டு. ஒரு குறையும் உண்டு. எந்த நூலாயினும் சரி என்று கேட்டால், வீட்டிலே வேண்டாதன முதலில் வரும். எரிந்த நூல்நிலையத்துக்கு வேண்டியது, எரிந்த அந்த நூலின் இன்னொரு பிரதி. அதனைப் பெயர் சொல்லித்தான் கேட்க முடியும். நூலகத்துக்கு உண்மையான இந்த நியாயம் இளந்தம்பதியின் குசினிக்கும் உண்மையானதே.

மயிலுக்குப் போர்வை

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அதனை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையன்று. கேட்டுப் பெறுவது கொடையாகுமா? முல்லைக்குத் தேர் ஈந்த பாரியிடம் முல்லை கேட்டதில்லை. மயிலுக்குப் போர்வை அளித்த பேகனிடம் மயில் கேட்டதில்லை. அந்தப் போர்வையை மயில் உடுக்கப் போவதும் இல்லை, போர்க்கப் போவதும் இல்லை. புறநானூற்றிலே பேகனைப் பாடிய பரணருக்கும் அது தெரியும். தெரிந்தே அவன் கொடையை வியந்தார். இதனைக் கொடைமடம் என்பர் சான்றோர். பயனைக் கணக்கிடாத அந்தப் பேதைமையிலே ஓர் அழகு உண்டு. பட்டியல் வந்தால் பேகனுக்கு இடமில்லாமற் போகும் என்பதே மறுப்பு.

இதிலே உண்மை உண்டு. ஆயினும் சுவர்க் கடிகாரத்தை நாலாவது முறை சுற்றிக் கொடுப்பவர் பேகன் அல்லர். அவர் கடைக்குள் நுழைந்து, எந்த விலைக்குள் எது அடங்கும் என்று பார்த்து வந்தவர். அவரைக் குறை கூறவும் முடியாது. என்ன வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லையே.

அதே புறநானூற்றிலே பெருஞ்சித்திரனார் என்னும் புலவரையும் காண்கின்றோம். அவர் அதியமானிடம் சென்றபோது, அவன் அவரை நேரே காணாமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். வறுமையிலே வாடிய அப்புலவர் அதனை ஏற்க மறுத்தார். முகம் பாராது தந்த பொருளை வாங்கிச் செல்லத் தாம் வாணிகர் அல்லர் என்பது அவர் கருத்து. அளவிற் சிறிதாயினும் தம் தகுதி அறிந்து தருவதே வேண்டும் என்றார். கொடுப்பவன் எதிரே நிற்பவனைப் பார்க்கவேண்டும் என்பது அவர் கோரிக்கை. இன்று வரிசையிலே நின்று, பெயர் எழுதிய கவரை நீட்டி, ஒரு நிழற்படத்துக்கு நின்று இறங்குகின்ற நாம் ஒருவரை ஒருவர் பார்க்கின்றோமா? “உனக்கு என்ன தேவை?” என்று கேட்பதும் ஒரு பார்வை. “இது தேவை” என்று ஒளிக்காமல் சொல்வது அந்தப் பார்வைக்கு முகம் கொடுத்தல்.

சொல்லும் முறை

எவ்வாறு சொல்வது? மேலைநாட்டிலே வணிகர் இதற்கு ஒரு வழி கண்டனர். 1924இல் சிக்காகோ நகரத்து மார்ஷல் ஃபீல்ட் என்னும் பெருங்கடையிலே, மணமக்கள் தமக்கு விருப்பமான பொருள்களைப் பதிந்து வைக்கும் ஏற்பாடு தொடங்கியது. விருந்தினர் வீட்டாரைக் கேளாமல் கடையைக் கேட்டு, எஞ்சியிருப்பதை வாங்கலாம். வணிகரின் நோக்கம் வணிகமே. ஆயினும் அதிலே ஒரு நயம் உண்டு: கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையிலே ஒரு மூன்றாமவர் நிற்கின்றார். நமக்கு அந்த மூன்றாமவர் கடையாக இருக்கவேண்டியதில்லை. பெரியம்மாவோ, மாமியோ, மணமகனின் கூட்டாளியோ போதும்.

ஆகவே என் கருத்தைத் தொகுத்துச் சொல்கின்றேன். அழைப்பிதழிலே பட்டியல் வரலாகாது. அழைப்பு ஆளை வரச்சொல்வது, பொருளை வரச்சொல்வதன்று. என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பவருக்கே பட்டியலைக் காட்டலாம். இக்காலத்தில் அதைத் தொலைபேசியில் தனியாக அனுப்புவதும் எளிது. ஆனால் உறவினர் முழுப்பேரும் இருக்கும் வாட்ஸப் குழுவிலே போடுவது ஒலிபெருக்கியிலே கேட்பதற்கு ஒப்பாகும். பட்டியலிலே பெரியதும் இருக்கலாம். சிறியது பல இருக்கவேண்டும். விலையைக் குறிக்காமல் பொருளைக் குறித்தல் நன்று. பெரிய பொருளை நாலு பேர் சேர்ந்து தரலாம் என்று சொல்லிவிடவேண்டும். ஒருவர் ஏற்றுக்கொண்டதை உடனே வெட்டிவிட்டால் கடிகாரம் நான்காகாது. பொருள் அல்லாத உதவிக்கும் ஓர் இடம் வேண்டும். கடைசியிலே பேகனுக்கும் ஒரு வரி விட்டுவைக்கவேண்டும்.

வாசகம் எப்படி அமையும் என்று ஆசிரிய நண்பர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. நான் எழுதுவதாயின் இவ்வாறு எழுதுவேன்: “நீங்கள் வந்து அறுகரிசி தூவி வாழ்த்துவதே எங்களுக்குப் பெரிது. என்ன தரலாம் என்று அன்போடு கேட்டபடியால் மட்டும் இதனை எழுதுகின்றோம். புது வீட்டுக்கு இவை இன்னும் சேரவில்லை. இவற்றுள் ஒன்றைத் தந்தாலும் மகிழ்வோம். நீங்களே தெரிந்த வேறொன்றைத் தந்தாலும் மகிழ்வோம். வெறுங்கையோடு வந்தால் அந்தக் கையைப் பிடித்து மகிழ்வோம்.” இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. காரணங்களை அடுக்கினால் ‘ஈ’ ஆகிவிடும். கடையின் பெயரையும் கடைசித் தேதியையும் குறித்தால் ‘கொடு’ ஆகிவிடும்.

இது நடக்குமா என்று ஐயுறுவோர்க்கு நான் அறிந்த ஒன்றைச் சொல்கின்றேன். வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு மணிவிழா எடுக்கப் பழைய மாணவர் கூடினர். பொன்னாடையும் பணமுடிப்பும் என்று பேச்சு எழுந்தது. ஒருவர் துணிந்து, “சேர், உங்களுக்கு என்ன வேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ” என்றார். ஆசிரியர் மறுக்கவில்லை. அப்பியாசக் கொப்பித் தாள் ஒன்றிலே ஊர் வாசிகசாலைக்கு வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தார். கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி ஒன்று, தமிழகராதி ஒன்று, நாளிதழுக்கு ஒரு மாதச் செலவு, பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு மாதம், மின்குமிழ் இரண்டு, தும்புத்தடி ஒன்று, வாசற்படி உடைந்திருக்கின்றது, ஒருவரின் ஒரு நாள் வேலை. அவ்வளவே.

அலுமாரி கனடாவிலிருந்த மூவரின் பணத்திலே வந்தது. மாதச் செலவுகளை ஆசிரியைகளும் எழுதுவினைஞர்களும் எடுத்துக்கொண்டனர். உடைந்த படியைக் கட்ட ஒரு மேசன் வந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்; பழைய மாணவர் கூட்டம் எதற்கும் அதுவரை வராதவர். விழாவுக்கு முதல் நாள் காலை தம் கரண்டியோடும் மட்டப்பலகையோடும் வந்து, மாலைக்குள் மூன்று படியும் கட்டிவிட்டு, மறுநாள் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையிலே இருந்தார். ஏன் இத்தனை காலம் வரவில்லை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. விடை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தத் தாளிலே கடைசி வரி இல்லாதிருந்தால் அவர் அன்றும் வந்திருக்கமாட்டார்.

பரிசிலைப் பற்றிப் பேசும்போது பெறுபவரின் கடமையையும் மறத்தலாகாது. குமணனிடம் பெருஞ்செல்வம் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் தம் மனைவிக்குச் சொன்ன சொல் புறநானூற்றிலே உள்ளது. விரும்பி வந்தவருக்கும், முன்பு கடன் தந்து உதவியவருக்கும், இன்னார் என்று பாராமல் எல்லாருக்கும் கொடு. என்னைக் கேட்கவும் வேண்டாம் என்கின்றார். பெற்றது தேங்காமல் ஓடவேண்டும் என்பது அவர் நெறி. தம் தேவையைக் கூசாது சொல்லக் கற்றவர், பிறர் தேவையைக் கூசாது கேட்கவும் கற்றுக்கொள்வார்.

இவ்வாண்டும் நம் வீடுகளிலே கலியாணமும் குடிபுகுதலும் மணிவிழாவும் வரும். யாரேனும் ஒருவர் படலையடியிலே நின்று, “என்ன தரலாம்?” என்று கேட்பார். “ஒண்டும் வேண்டாம்” என்று சொல்லி அவர் வாயை அடைத்து விடாதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவர் எவ்வளவு தயங்கியிருப்பார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பிறகு, ஒரு வாளி தேவையென்றால் வாளி என்று சொல்லுங்கள்.